யப்பான்காரியின் மிச்ச ஆட்டங்கள்

இன்று காலை புட்டு அவித்து இறக்கிய பானையின் ஆவியில் இறகுப் பந்துகளைப் பிடித்தேன். நீர் எங்களை விட்டுப் போனபிறகு இதுதான் முதல் தடவை. பந்துகள் அடுக்கியிருக்கும் அந்த நீளக் குழாயின் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஆவி உள்ளே ஏறும்படி சற்று நேரம் பிடித்துவிட்டு மூடி வைத்தேன். இரண்டு நாளாகச் சிரோக்கோ அடிக்கிறது. அந்தச் சூட்டுக் காற்றில் இறகெல்லாம் அப்பளம் போல நொறுங்கிவிடும். ஆவி பிடித்தால்தான் நாலு அடி தாங்கும். "நனையக் கூடாது, வேர்க்கத்தான் வேணும்" என்று நீர் சொல்லுவீர். குசினி முழுக்க ஈரக் கோழிக்கூட்டு மணம். என் மனுசன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து, புட்டுக்குள் என்ன போட்டாய் என்று கேட்டார். குழாயைக் கண்டதும் புட்டைத் தட்டில் போட்டுக்கொண்டார். யாரோடு விளையாடப் போகிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். இங்கே, இந்த இத்தாலி ஊரில், எங்கள் சனம் எல்லாருக்கும் தெரியும். உமக்குத்தான் இன்னும் தெரியாது.

சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாள் விளையாட்டில், பெண்கள் இரட்டையர் ஆட்டத்துக்கு நான் இறங்குகிறேன். என்னோடு சேர்ந்து ஆடப்போவது பகேரியாக்காரி. ஓம், அவளேதான்.

திட்டுவதென்றால் திட்டும். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டும். ஆஸ்பத்திரியில் நீர் என்னிடம் ஒரு வாக்குக் கேட்டீர், நான் தரவில்லை. ஏன் தரவில்லை என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். நாங்கள் பந்தடிக்கப் பார்த்த அந்த யப்பான்காரியின் கதையில் நீர் பாதியைத்தான் பார்த்தீர். மிச்சப் பாதியை நான் பார்த்தேன். அதை உமக்குச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நான் களத்தில் கால் வைக்கப் போவதில்லை.

முதல் பாதியை இருவருமாகப் பார்த்தோம். கால்சாப் பகுதியில் அந்த வயதான சிஞ்ஞோராவை, இத்தாலியன் வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலையில் நீர் இருந்தீர். எனக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் துடைப்பு வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு கோப்பி குடிக்க உம்மிடம் ஏறுவேன். ஒரு காலை வந்தபோது நீர் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டு நின்றீர். கைத்தொலைபேசி கஞ்சிப் போத்தலில் சாய்ந்திருந்தது. அதில், எங்கேயோ ஆசியாவில், நாலு பெண்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பந்து கீழே விழவேயில்லை. நீர் அயன்பெட்டியைக் கையில் தூக்கியபடி அப்படியே நின்றீர்.

"பாரும். ஆம்பிளையள் அடிச்சு முடிக்கினம். இவையள் முடிய விடுகினமில்லை."

அந்த நாலு பேரில் கட்டையான யப்பான்காரிதான் எங்கள் ஆள். நெட்டையான கூட்டாளி பின்னால் நின்று ஓங்கி அடிப்பாள். இவள் வலையோடு ஒட்டி முன்னால் நின்று, தட்டுத்தடுமாறித் திரும்பி வருவதையெல்லாம் பறித்துப் போடுவாள். அன்று இருவரும் தோற்றார்கள். தோற்றபிறகு இவள் தன் துவாயை எடுத்து, முகத்தைத் துடைத்து, மூலைக்கு மூலை பிடித்து ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். நீர் அயன்பெட்டியைக் கீழே வைத்தீர். "இவள் எங்கடை ஆள்" என்றீர். அதோடு முடிவாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த சிஞ்ஞோரா என்ன சத்தம் என்று கேட்டு, தன்னைக் கிட்ட உருட்டிக்கொண்டு வரச் சொன்னா. அடுத்த கிழமையே அவவும் கட்சியில் சேர்ந்துவிட்டா. அவவுக்கு யப்பான் பேர் வாயில் வரவில்லை, "லா பிக்கோலா" என்று கூப்பிட்டா. சின்னவள். மருந்து குடிக்க மறுத்தால், சின்னவளைக் காட்டமாட்டேன் என்று நீர் வெருட்டுவீர்.

பிறகு நாங்களும் றக்கெற் பிடித்தோம். நீர் வன்னியில் பள்ளிக்கூடத்தில் விளையாடினதாகச் சொன்னீர். அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதற்குமேல் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மன்னாரில் கடற்கரையில் காற்றோடு அடித்ததுதான். வியாழன் பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் லீவு என்பதால் ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்துக் கோயிலின் பங்கு மண்டபம் அந்த நேரம் பெண்களுக்கு. அங்கேதான் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து பகேரியாக்காரியும் அவளுடைய மச்சாளும் ரயில் ஏறி வந்து எங்களை வெளுத்து வாங்கினார்கள்.

எங்களை வெல்ல அவர்களுக்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. பந்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போட்டால் போதும். நான் உமக்கு வழி விடுவேன், நீர் எனக்கு வழி விடுவீர், பந்து நடுவிலே செத்து விழும். ஆட்டம் தெரியாத குறை இல்லை அது. வருடக்கணக்காகச் சிஞ்ஞோராமார் வீட்டு நடையில் யாராவது வந்தால் வாளியோடு சுவரோரம் ஒதுங்கி ஒதுங்கி, எங்கள் கால் தானாகவே ஒதுங்கப் பழகிவிட்டது. பகேரியாக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் வீட்டு வேலைக்காரிதான், ஆனால் அவள் வேலை செய்த வீட்டில் அவள்தான் ராணி என்று கேள்வி.

அந்த நாளில் நீர் களத்தின் நடுவில் நின்று சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது.

"சிஞ்ஞோரா வீட்டுக் காலை வாசல்லை கழட்டி வைச்சிட்டு வாரும். நடுவிலை வந்தா ரெண்டு பேரும் பாய்வம். இடிபட்டால் இடிபடுவம்."

இடிபட்டோம். உம்முடைய றக்கெற் என் புருவத்தைக் கிழித்தது. அடுத்த நாள் பிளாஸ்ரரோடு வேலைக்குப் போக, என்னுடைய சிஞ்ஞோரா என்னை இருத்தி வைத்து, மனுசன் அடிக்கிறவனா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தா. இல்லை, என் சிநேகிதிதான் அடித்தா என்றேன். அது அவவுக்கு இன்னும் பயமாக இருந்தது. நீர் அதைக் கேட்டுப் படிக்கட்டிலே இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்.

மெல்ல மெல்ல ஒழுங்கு வந்தது. யப்பான்காரியைப் போலவே நீர் முன்னுக்கு, அவளுடைய நெட்டைக் கூட்டாளியைப் போலவே நான் பின்னுக்கு. அவர்கள் இருவரும் உலகத்தின் உச்சிக்குப் போன காலம் அது. எங்கேயாவது கிண்ணம் தூக்கினால் சிஞ்ஞோரா வீட்டில் அன்றைக்கு இனிப்பு உண்டு. எங்களுடைய உச்சி பங்கு மண்டபத்தின் கூரை உத்தரம்வரைதான், என்றாலும் ஒரு திருநாளில் பகேரியாக்காரரை வென்றோம். அன்று அவளுடைய சேர்விஸ், பந்தைத் தொடக்கி வைக்கும் அடி, விதியை மீறி இடுப்புக்கு மேலே போகிறது என்று நீர் நடுவரிடம் திரும்பத் திரும்ப முறையிட்டீர். போகத்தான் போனது, ஆனால் உம்முடைய வாயும் சும்மா இல்லை. அவளும் விடவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் கதை பேச்சு இல்லை. கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மற்றவர்களுக்குக் கைகொடுப்பீர்கள். அவளுடைய பேரை நீர் ஒருநாளும் சொன்னதில்லை. பகேரியாக்காரி, அவ்வளவுதான்.

உமக்கு வருத்தம், அந்த மாறாத நோய், என்று தெரிந்த அதே குளிர்காலத்தில்தான் நெட்டைக் கூட்டாளி விளையாட்டை விட்டாள். இரட்டையர் ஆட்டத்தில் புள்ளியெல்லாம் சோடிக்குத்தான் சொந்தம், ஆளுக்கு இல்லை. ஒருத்தி போனால் மற்றவளுடைய தரவரிசையும் அவளோடு போய்விடும். உச்சியில் இருந்தவள் புதுக் கூட்டாளியோடு அடியிலிருந்து, தகுதிச் சுற்றிலிருந்து, பேர் தெரியாத பிள்ளைகளோடு அடித்து ஏறி வரவேண்டும். அவள் ஒரு புதியவளைச் சேர்த்துக்கொண்டாள். புதியவள் என்றால் எங்களுக்குப் புதியவள் இல்லை. அவ்வளவு காலமும் வலைக்கு அந்தப் பக்கம் நின்று இவளோடு மல்லுக்கட்டியவள்.

அவர்களுடைய முதல் ஆட்டத்தை உம்முடைய கட்டிலில் பார்த்தோம். காதுக்குள் வைக்கும் கருவியில் ஒன்று உம்முடைய காதில், மற்றது என்னுடைய காதில். முதல் சுற்றிலேயே தோற்றார்கள். கேவலமாகத் தோற்றார்கள். நடுவில் வந்த பந்தை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், எங்கள் பழைய காலத்தைப் போல. நீர் கருவியைக் காதிலிருந்து இழுத்து எடுத்தீர். அவள் தன் கூட்டாளியோடேயே ஆட்டத்தை விட்டிருக்க வேண்டும், மானத்தோடு போயிருக்கலாம் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர். பிறகு என்னைப் பார்த்தீர்.

"நீர் வேறை ஒருத்தியோடையும் விளையாடாதையும். சரியே?"

நான் போர்வையை இழுத்து உம்முடைய காலை மூடினேன். நீர் திரும்பவும் கேட்டீர்.

"அந்தச் சொல்லை மட்டும் என்னட்டை வாங்காதையும்" என்றேன்.

நீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர். தாதி வந்து மருந்துப் பையை மாற்றிக்கொண்டு போனா. நான் உம்முடைய முதுகைப் பார்த்தபடி இருந்தேன். சாகக் கிடக்கிற ஆளுக்கு ஓம் என்று ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். உமக்கு நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, அன்றைக்குத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கனநேரம் கழித்து நீர், வெளியிலை அடிச்ச காற்று விட்டுட்டுதோ என்று கேட்டீர். விட்டுட்டுது என்றேன். அந்தக் கதையை அதன்பிறகு இருவரும் எடுக்கவில்லை. உமக்கு அதிக நாளும் இருக்கவில்லை.

உம்முடைய செத்தவீட்டுப் பூசைக்குப் பகேரியாக்காரி வந்தாள். கடைசி வரிசை வாங்கில் இருந்தாள், கறுப்புச் சட்டையில். பெட்டி வெளியே போகும்போது எழும்பி நின்று, மற்றவர்களைப் போலப் பெட்டியைத் தொட்டாள். யாரோடும் கதைக்காமல் ரயிலுக்குப் போனாள்.

உம்முடைய வேலை எனக்கு வந்தது. இங்கே அப்படித்தானே, ஒருத்தி விட்ட இடத்தை அவளுக்குத் தெரிந்த இன்னொருத்தி நிரப்புவாள். சிஞ்ஞோரா முதல்நாளே, சின்னவள் எங்கே என்று கேட்டா. எனக்குப் பார்க்க விருப்பமில்லை. அவ மருந்து குடிக்கமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டா. நீர் பழக்கிவிட்ட பழக்கம், நான் அனுபவித்தேன். கைத்தொலைபேசியைக் கஞ்சிப் போத்தலில் சாய்த்து வைத்தேன். சில நேரம் அவ என்னை உம்முடைய பேர் சொல்லிக் கூப்பிடுவா. முதலில் திருத்தினேன். இப்போது திருத்துவதில்லை, என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டு போவேன். உம்முடைய மகள் இடைக்கிடை வந்து அவவோடு இருந்து பார்ப்பாள். பல்கலைக்கழகம் போகிறாள், தமிழும் இத்தாலியனும் கலந்து கதைக்கும்போது வாய் அப்படியே உம்முடைய வாய்.

இனி நீர் பார்க்காத பாதியைக் கேளும்.

அவள் தோற்றாள். திரும்பவும் தோற்றாள். ஆள் இல்லாத மண்டபங்களில், சின்னச் சின்னப் போட்டிகளில், கமரா ஆடுகிற இடங்களில் விளையாடினாள். முழங்கால் போய், கன மாதம் காணாமல் போனாள். முடிந்தது என்று நான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. நீர் சொன்னதுதான் சரி என்று முடித்துக்கொண்டு நானும் றக்கெற்றைப் பரணில் போட்டிருக்கலாம். அவள் முழங்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். வந்து என்ன செய்தாள் தெரியுமா? பின்னுக்குப் போனாள். வாழ்நாள் முழுக்க வலைக்கு முன்னால் நின்றவள், அந்த வயதில், அந்தக் காலோடு, பின்வரிசைக்குப் போய் ஓங்கி அடிக்கப் பழகினாள். புதுக் கூட்டாளிக்கு முன்னால் கை நன்றாக வரும். ஆகவே முன்னிடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தனக்கு வராத இடத்தை இவள் எடுத்துக்கொண்டாள். முதலில் பார்க்கச் சகிக்கவில்லை. அடித்ததெல்லாம் வலையில் போய் விழுந்தது. சிஞ்ஞோரா தலையிலே கை வைத்துக்கொண்டா. கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து வலையைத் தாண்டத் தொடங்கியது.

அவள் திரும்பவும் உலகத்தின் உச்சிக்கு வரவில்லை. உமக்கு அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிண்ணம் வென்றாள், ஒன்றே ஒன்று, பெரிய கிண்ணமும் இல்லை. கடைசிப் பந்து நடுவில் வந்தது. இருவரும் பாய்ந்தார்கள், றக்கெற் இரண்டும் முட்டி ஒன்று பறந்துபோனது, பந்து எப்படியோ அந்தப் பக்கம் விழுந்தது. பழைய கிண்ணங்களுக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிஞ்ஞோராவும் நானும் அன்றைக்கு இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். உம்முடைய பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். அடுத்த வருடம் அவள் விளையாட்டை விட்டாள்.

இவ்வளவு பாடும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கோ என்று நீர் கேட்பீர். இல்லை. அவளுக்கு விளையாட்டு விருப்பம். கூட்டாளி போனதால் அந்த விருப்பம் போகவில்லை. எனக்கும் அவ்வளவுதான். உம்மில் எனக்குப் பட்ச பாசம் குறைந்து நான் அன்று வாக்குத் தராமல் விடவில்லை. உம்மோடு விளையாடியதால்தான் எனக்கு இந்த ஆட்டம் இவ்வளவு பிடித்தது. அதை என்னிடமிருந்து நீரே பறித்துக்கொண்டு போக நான் விடமாட்டேன். அன்று நீர் பயந்துபோய்க் கேட்டீர் என்று இப்போது விளங்குகிறது. உம்முடைய இடத்தில் ஒருத்தி நின்றால் நீர் முழுக்கவே இல்லாமல் போய்விடுவீர் என்ற பயம். நானும் அதற்குத்தான் பயந்தேன்.

பகேரியாக்காரியின் மச்சாள் குடும்பம் இத்தாலியன் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டது. அவளும் என்னைப் போலச் சோடி இல்லாத ஆட்டக்காரி. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, வாசலில் வழிமறித்தாள். சுற்றி வளைக்கிற ஆள் இல்லையே அவள்.

"உங்கடை ஆளும் இல்லை, என்ரை ஆளும் இல்லை. ரெண்டு பேரும் சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

யோசிக்க வேண்டும் என்றேன். யோசித்து முடியும்வரை அவள் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் நின்றாள். நேற்று மாதிரித்தான் இருக்கிறது, ஒரு வியாழன் போனேன். முதல் நாளே பிரச்சினை. அவள் பின்வரிசைக்காரி, நானும் பின்வரிசைக்காரி. இருவருமாகப் பின்னால் போய் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுடைய தோளை உமக்குத் தெரியும், அந்த அடி எனக்கு வராது. ஆகவே நான் முன்னுக்கு நடந்தேன், உம்முடைய இடத்துக்கு. முதல் பந்து நடுவில் வந்தது. நான் ஒதுங்கினேன். அடுத்ததுக்கும் ஒதுங்கினேன். அவள் வந்து பந்தைப் பொறுக்கி என் கையில் வைத்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"நீங்கள் ஆருக்கு இடம் விடுறியள் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "அவவிட்டைத் தோத்த மாதிரி நான் ஒருத்தரிட்டையும் தோக்கேல்லை. ஆனா அவ வரமாட்டா. நீங்கள் அடியுங்கோ."

அவளுக்கு ஒரு பேர் இருக்கிறது. மெற்றில்டா. நீர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லுவேன்.

இப்போது ஒதுங்குவதில்லை. முன்வரிசை இன்னும் முழுதாகக் கைவரவில்லை. பந்து கண்ணுக்குக் கிட்ட வரும்போது மனம் பின்னுக்கு ஓடப் பார்க்கிறது, பிடித்து நிறுத்துகிறேன். ஞாயிறு வெல்வோமோ தெரியாது. எங்களுக்கு எதிரே வருவது இங்கேயே பிறந்த பிள்ளைகள், ஓடினால் பிடிக்க முடியாது. ஆனால் பந்தை இலேசில் விழ விடமாட்டோம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பின்னுக்கு நின்ற காலமெல்லாம் நான் உம்முடைய முதுகைப் பார்த்தபடி விளையாடினேன். நீர் எங்கே சாய்கிறீர், எப்போது களைக்கிறீர் என்று எனக்கு எல்லாம் தெரியும். முன்னுக்கு வந்து நின்ற பிறகுதான் மற்றப் பக்கம் தெரிந்தது: அங்கிருந்து கூட்டாளியைக் காண முடியாது. பின்னால் ஆள் இருக்கிறாளா, ஓடுகிறாளா, விழுந்து கிடக்கிறாளா, ஒன்றும் தெரியாது. இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு முன்னால் பார்க்க வேண்டியதுதான். சேர்ந்து விளையாடிய அத்தனை வருடமும் நீர் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பியிருக்கிறீர், அதை எனக்கு வாயால் சொன்னதில்லை, எனக்கும் இவ்வளவு காலம் விளங்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் நான் அந்த இடத்தில் நிற்பேன். என் பின்னால் மெற்றில்டா நிற்பாள். நானும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.